கழுவு தொட்டிக்கு ஒரு கோப்பு

எங்கள் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு நாள் 'திக்தே' உண்டு. முசே ஒரு பத்தியை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். நாங்கள் காதால் கேட்டு எழுத வேண்டும். ஐந்து பிழை வந்தால் சுழிதான். ஒரு நாள் அந்தப் பத்தியில் 'எவியே' என்று ஒரு சொல் வந்தது. எழுதி முடித்ததும், "இதற்கு என்ன பொருள்?" என்று முசே கேட்டார். வகுப்பில் ஒருவனுக்கும் தெரியவில்லை. அவர் பாடப்புத்தகத்தைப் பிரித்து ஒரு படத்தைக் காட்டினார். ஜன்னலுக்குக் கீழே ஒரு கல் தொட்டி, அதன் முன் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கும் ஒரு பெண். பின்வரிசைப் பையன் ஒருவன், "மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி முசே" என்றான். வகுப்பே சிரித்தது. சிரித்த எங்களுக்கும் அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

எப்படித் தெரியும்? கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் இடம் கொல்லைப்புறத்துக் கிணற்றடி. அம்மா ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பார். பித்தளைக்குப் புளி. கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும். அரிசி களைந்த கழுநீரும் வடித்த கஞ்சியும் ஒரு பானையில் சேரும். மாலையில் பால்காரர் வந்து மாட்டுக்கு எடுத்துப் போவார். நின்றுகொண்டு, சுவரைப் பார்த்தபடி, வீட்டுக்குள்ளேயே பாத்திரம் கழுவுவது என்பது எங்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

முசே அன்று இன்னொன்றும் சொன்னார். 'எவியே' என்ற சொல்லுக்கு மூலம் லத்தீனில் தண்ணீரைக் குறிக்கும் சொல்தானாம். மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியை 'அக்வேரியம்' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே வேர். அறுபது வருஷத்துக்குமுன் கேட்ட இந்தச் சேதி எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் மனதில் கிடந்தது. போன ஆண்டுக்கு முந்தின ஆண்டுதான் அதற்கு வேலை வந்தது.

நான் அரசு வேலையில் சேர்ந்து, கடன் வாங்கி, 1988-ல் லாஸ்பேட்டையில் வீடு கட்டினேன். அடுப்படிக்குக் கடப்பைக் கல் மேடை. அதில் ஒரு சதுரம் வெட்டி, எவர்சில்வர் சிங்க் ஒன்றை இறக்கி வைத்தார் கொத்தனார். அந்தக் காலத்தில் அது பெருமைக்குரிய பொருள். கடைக்குப் போய் அதைத் தேர்ந்தெடுத்தவன் நான். மேடையின் உயரம் எவ்வளவு என்று கொத்தனார் கேட்டபோது, "எல்லா வீட்டிலும் எவ்வளவு வைப்பீர்களோ அவ்வளவு" என்று சொன்னவனும் நான். என் மனைவியைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள் நான்கடி பத்தங்குல உயரம்.

சில வருஷத்தில் சிங்குக்கும் கல்லுக்கும் நடுவில் பூசியிருந்த சிமெண்ட் விட்டுப்போயிற்று. தண்ணீர் அந்த இடுக்கு வழியாகக் கீழே அலமாரிக்குள் சொட்டியது. பிளைவுட் ஊறி உப்பியது. கரப்பான் பூச்சி குடியேறியது. "என்னங்க, இந்த ஓரத்தைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பாள். "பார்க்கிறேன்" என்பேன். அலுவலகத்தில் ஒரு கோப்பு என் மேஜையில் மூன்று நாளுக்குமேல் தங்கியதில்லை. வீட்டில் இந்த ஒரு கோப்பு ஓய்வு பெற்ற பிறகும் நிலுவையிலேயே இருந்தது.

2023 மார்கழியில் வாசலில் கோலம் போடப் போனவள் ஈரத்தில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகும் கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டு வேலைக்கு வரும் அம்மா காலையில் மட்டும் வருவார். மற்ற வேளைப் பாத்திரங்கள் என் பங்குக்கு வந்தன. எழுபத்துமூன்று வயதில் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தத் தொட்டியின் முன் நின்றேன்.

மூன்றாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. மேடை உயரம், ஆனால் தொட்டி ஆழம். கை வேலை செய்வது மேடைமேல் அல்ல, தொட்டியின் அடிப்பகுதியில் என்று அப்போதுதான் புரிந்தது. நான் குனிய வேண்டியிருந்தது. அவள் உயரத்துக்கோ, மேடை விளிம்பு நெஞ்சுக்குக் கீழே அழுத்த, தோளைத் தூக்கிக்கொண்டு உள்ளே எட்ட வேண்டும். இப்படி முப்பத்தைந்து வருஷம். ஒரு கரண்டி விழுந்தால் கோயில் மணி மாதிரிச் சத்தம். ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு ஸ்டீலில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, வடிகுழாய் ஓரத்தில் ஊசி முனை அளவு துரு. ஓர இடுக்கில் எந்நேரமும் ஒரு வாடை.

ஒரு நாள் இரவு எல்லாம் கழுவி முடித்துத் திரும்பியபோது, அவள் இடது கையால் ஒரு பழைய துணியை நீளமாக மடித்து அந்த இடுக்கில் செருகிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யற?"

"ராத்திரி பூச்சி வராம இருக்க. நீங்க இதைச் செய்யலையா?"

எனக்குத் தெரியாது. தினமும் செய்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பழைய பழக்கத்தில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். பள்ளியில் எங்களுக்கு எதை எழுதச் சொன்னாலும் 'பூர்' ஒரு பக்கம், 'கோந்த்ர்' ஒரு பக்கம், அதாவது சாதகம், பாதகம் என்று பிரித்துக்கொண்டுதான் எழுதவேண்டும். பிறகு அரசு அலுவலகத்தில் பச்சைக் குறிப்புத்தாளில் இங்கிலீஷில் எழுதியதும் அதே வேலைதான். நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டதே பழைய கோப்புகளைப் பார்த்துத்தான். குறிப்பின் கடைசியில் 'ஆணைக்காக' என்று போட்டு மேலே அனுப்பிவிடுவோம். இந்தக் கோப்பில் மேலதிகாரி யார் என்பதில் இம்முறை எனக்குச் சந்தேகம் இல்லை.

மகன் பாரீஸுக்குப் பக்கத்தில் இருக்கிறான். போனில் சொன்னதும், "அப்பா, எங்க வீட்ல இருக்கிற மாதிரி சாலிட் சர்ஃபேஸ் போடுங்க. மேடையும் எவியேவும் ஒரே துண்டா இருக்கும், இடுக்கே இருக்காது" என்றான். அவன் வீட்டுக்கு நாங்கள் போயிருந்தபோது அதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளையாக, பீங்கான் என்றுதான் நினைத்தேன். பீங்கான் இல்லையாம். அப்படியானால் அது என்ன என்று விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்ததைச் சொல்கிறேன். அடுப்படியை மாற்ற நினைக்கும் நண்பர்களுக்கு உதவலாம்.

சாலிட் சர்ஃபேஸ் என்பது கல்லும் அல்ல, வெறும் பிளாஸ்டிக்கும் அல்ல. பாக்சைட் தாதுவிலிருந்து எடுக்கும் ஒருவகை அலுமினிய வெள்ளைத்தூளை அக்ரிலிக் பிசினோடு கலந்து பலகையாக வார்க்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூள், ஒரு பங்கு பிசின். 1967-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் கண்டுபிடித்தது. அவர்கள் வைத்த பெயர் கோரியன். இன்று வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன. ஆனாலும் எவர்சில்வர் மாதிரி, கடைக்காரர்கள் எல்லாவற்றையும் கோரியன் என்றே சொல்வார்கள். பலகை பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் கனம். மேல்பூச்சு என்று தனியாக ஒன்றும் இல்லை. மேலே உள்ள நிறமும் பொருளும்தான் அடிவரை. பெயரே அதனால்தான்.

சாதகப் பக்கத்தில் முதலில் எழுதியது, இடுக்கு இல்லை என்பது. தொட்டியை மேடையின் அடியில் அதே பொருளால் ஆன, அதே நிறத்துப் பசை வைத்து ஒட்டி, தேய்த்து இழைத்துவிடுகிறார்கள். விரலால் தடவினாலும் ஒட்டு தெரியாது. மேடையில் சிந்தியதை ஒரே வழியாகத் தொட்டிக்குள் துடைத்துத் தள்ளலாம். கிரானைட் மேடைக்கு அடியில் ஸ்டீல் தொட்டி வைத்தால் நடுவில் சிலிக்கான் பூசித்தான் ஆகவேண்டும். சிலிக்கான் நாளடைவில் கறுக்கும், உரியும், திரும்பப் பூச வேண்டும்.

இரண்டாவது, இது தண்ணீரை உறிஞ்சாது. நுண்துளை இல்லாததால் கறை மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. மருத்துவமனைகளிலும் இதைப் பயன்படுத்துவது அதனால்தான்.

மூன்றாவது, பழுது பார்க்கலாம். கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமன் செய்யலாம். விரிசல் விட்டால்கூட அந்த இடத்தை வெட்டி, அதே பலகைத் துண்டை ஒட்டி இழைக்கலாம். பீங்கான் தொட்டி ஒரு முறை சில்லு பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். ஸ்டீல் நசுங்கினால் நசுங்கியதுதான்.

நான்காவது, சத்தம் குறைவு. ஐந்தாவது, வேண்டிய ஆழத்தில் செய்துகொள்ளலாம். இந்த ஐந்தாவதுக்குக் கீழே நான் சிவப்பு மையால் கோடு போட்டேன்.

இனி பாதகம். முதல் பாதகம் சூடு. அக்ரிலிக் சுமார் 100 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். கொதிக்கிற தண்ணீரே கிட்டத்தட்ட அந்த எல்லையில் இருக்கிறது. எண்ணெய் காய்ந்த வாணலி 180, 200 டிகிரியைத் தொடும். ஸ்டீல் தொட்டியில் அதை அப்படியே வைத்து 'சொய்ங்' என்று தண்ணீரைத் திறந்துவிடலாம். இதில் கூடாது.

இரண்டாவது, கீறல். கிரானைட்டைவிட இது மென்மையானது. எவர்சில்வர் குண்டானை இழுத்தால் கோடு விழும். அடர்ந்த நிறத்தில் கோடு பளிச்சென்று தெரியும். வெளிர் நிறத்தில் கோடு தெரியாது, ஆனால் மஞ்சள் தெரியும்.

மூன்றாவது, விலை. கடையில் கேட்டபோது நல்ல ஸ்டீல் தொட்டியைப்போல மூன்று மடங்குக்கு மேல் சொன்னார்கள். மேடையையும் சேர்த்துத்தான் செய்யவேண்டும் என்பதால் செலவு இன்னும் ஏறும்.

நான்காவது, ஆள். இதை ஒட்டி இழைக்கப் பழகியவர்தான் செய்ய வேண்டும். சாதாரணக் கொத்தனார் கைவைத்தால் கெட்டது. நான் முதலில் போன ஒரு கடையில் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். எழுத்தில் கொடுங்கள், இது முழு அக்ரிலிக்கா என்று கேட்டேன். பேச்சு மாறியது. அக்ரிலிக்குக்குப் பதில் பாலியெஸ்டர் பிசின் கலந்த பலகையும் உண்டு. விலை குறைவு, ஆனால் வளைத்தால் எளிதில் விரிசல் விடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முப்பத்தொன்பது வருஷம் எழுத்தர் வேலை பார்த்ததில் கிடைத்த பலன், எதையும் எழுத்தில் கேட்பது.

இரண்டாவது கடைக்காரர் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு ஒன்று கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பையன்கள் அறிவியல் பாடத்துக்குச் செய்வதுபோல் சோதனை செய்தேன். மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்து ஒரு ராத்திரி விட்டேன். காலையில் மஞ்சள் வட்டம். பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுத் தேய்த்ததும் முக்கால்வாசி போயிற்று. மிச்சத்தை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன், சாயங்காலத்துக்குள் தேடினாலும் இல்லை. மஞ்சளின் நிறத்துக்கு வெயில் ஆகாது என்பது துணி உலர்த்தும் பெண்களுக்குத் தெரியும். ஆனால் தொட்டியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோக முடியாது என்றும் எழுதிக்கொண்டேன். புளி, மீன் குழம்பு, பீட்ரூட் மூன்றும் சுலபமாகப் போயின. கீறலை நைலான் நாரால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன், மறைந்தது. கடைசியில் தாளிக்கும் இரும்புக் கரண்டியை அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே வைத்தேன். வெள்ளையாக ஒரு தழும்பு. தடவினால் பள்ளம் தெரிந்தது.

இதையெல்லாம் கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கஞ்சியை எங்க வடிக்கிறது?"

பாருங்கள், இரண்டு பக்கம் குறிப்பு எழுதிய எனக்கு இது தோன்றவில்லை. பாரீஸில் இருப்பவனுக்கும் தோன்றவில்லை. அந்த ஊரில் யார் தினமும் இரண்டு வேளை கொதிக்கிற கஞ்சியைத் தொட்டியில் வடிக்கிறார்கள்? குக்கர் சோறு எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்வதில்லை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் வடித்த சோறுதான்.

மாதிரித் துண்டின் மேல் கொதிக்கும் கஞ்சியை ஊற்றிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மகிழ்ச்சி. கடைக்காரரிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். "சார், சின்னத் துண்டு எந்தப் பக்கமும் விரியும், சுருங்கும். தொட்டி அப்படி இல்ல. நாலு பக்கமும் ஒட்டியிருக்கு. கஞ்சி எப்பவும் வடிகுழாய் வாய்லயேதான் விழும். அந்த இடம் மட்டும் சூடாகி விரியப் பார்க்கும், விரிய இடம் இருக்காது. ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது. ரெண்டு மூணு வருஷத்துல மயிர்க்கோடு மாதிரி விரிசல் விடும். கூடவே பச்சைத்தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டுட்டு வடிங்க, இல்லைன்னா வேற பாத்திரத்துல வடிங்க" என்றார். விற்கவேண்டிய சரக்கின் குறையை வாங்க வந்தவனிடம் சொல்லும் கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. வேலையை அவருக்கே கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஆனால் எந்தத் தொட்டி என்று முடிவு செய்யவில்லை. குறிப்புத்தாளின் கடைசியில் 'ஆணைக்காக' என்று எழுதி மனைவியிடம் கொடுத்தேன். ஸ்டீல் என்றால் அடுத்த வாரமே முடியும், செலவும் குறைவு, கஞ்சிக் கவலை இல்லை. 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் சேர்ந்த 304 ரகம், 1 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கினால் போதும் என்பதையும் விளக்கினேன். பாறைத்தூள் கலந்து அச்சில் வார்க்கும் குவார்ட்ஸ் தொட்டி என்று இன்னொன்று இருக்கிறது. சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் தனித்தொட்டி, ஓர இடுக்கு இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"கஞ்சியை நான் இனிமே வடிக்கப் போறதில்லைங்க. கை தாங்காது. நீங்கதான் வடிக்கணும். நீங்க பக்கெட்ல வடிப்பீங்களா, சிங்க்ல வடிப்பீங்களா, சொல்லுங்க. பக்கெட்லன்னா அந்த இடுக்கு இல்லாததே இருக்கட்டும்."

ஆணை வந்துவிட்டது. ஆனால் நிபந்தனையுடன் வந்த ஆணை. நிபந்தனை முழுவதும் என் தலையில்.

பழைய மேடையை உடைக்க ஆள் வந்த அன்று, ஸ்டீல் சிங்க்கைப் பெயர்த்து எடுத்துக் கொல்லையில் வைத்தார்கள். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்புக்கு அடியில் எம்-சீல் பூச்சு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பழுப்பு. எண்ணிப் பார்த்தேன், ஆறு. கடைசி அடுக்கில் விரல் பதிந்த தடம் இருந்தது. சின்ன விரல். "யார் செய்தது?" என்று கேட்கத் தேவையில்லை. நான் அலுவலகம் போனபின் மூலைக்கடையில் வாங்கி, பிசைந்து, அலமாரிக்குள் தலையை விட்டுப் பூசியிருக்கிறாள். என்னிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கிறாள், "இந்த ஓரத்தைப் பாருங்களேன்" என்று. நான்தான் "பார்க்கிறேன்" என்றேன்.

உடைக்க வந்த பையன், "சார், இதைக் காயலான் கடைல போட்டுடலாமா?" என்றான். சற்று இருக்கட்டும் என்றேன்.

உயரம் அளக்கும்போது இம்முறை அவளை மேடைக்கு முன் நிற்க வைத்தோம். முழங்கையை மடித்துக் காட்டச் சொல்லி, அதற்கு மூன்று அங்குலம் கீழே கோடு போட்டார் ஆசாரி. தொட்டியின் ஆழம் 7 அங்குலம் போதும் என்றாள். பெரிய குண்டானுக்குப் போதாதே என்று சொல்ல வாயெடுத்தேன். பெரிய குண்டானைக் கழுவப்போவது நான்தான், நான் கொல்லையில் கழுவிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். நிறம் கடற்கரை மணல் மாதிரி, புள்ளி புள்ளியாக. அதில் கீறலும் தெரியாது, மஞ்சளும் அவ்வளவாகத் தெரியாது. ஒட்டி, இழைத்து முடிக்க நான்கு நாள். இழைக்கும்போது வீடெல்லாம் வெள்ளைத்தூள். அந்த நான்கு நாளும் அலமாரிச் சாமான்களை மூடி வைக்கவேண்டும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. இரவில் இடுக்கில் துணி செருகும் வேலை இல்லை. கரப்பான் இல்லை. வாடை இல்லை. மேடையைத் துடைத்து அப்படியே தொட்டிக்குள் தள்ளும்போது அவள் முகத்தைப் பார்த்தால், இதற்காக இன்னொரு மடங்கு கொடுத்திருந்தாலும் தகும் என்று தோன்றும். கஞ்சியை நான் அகலமான அலுமினியக் குண்டானில் வடித்து ஆறவைக்கிறேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இன்னும் மாடு இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் வந்து எடுத்துப் போகிறாள். அம்மா காலத்துக் கழுநீர்ப்பானை வேறு உருவத்தில் திரும்ப வந்துவிட்டது.

குறையே இல்லை என்று எழுதினால் அது பொய்க்குறிப்பு ஆகும். போன ஆடிப்பெருக்கு அன்று வடை சுட்டு முடித்த இரும்புச் சட்டியின் எண்ணெயை வடித்துவிட்டு, ஏதோ யோசனையில் சட்டியைத் தொட்டிக்குள் வைத்துவிட்டேன். பழைய ஞாபகம். இரண்டு விநாடிதான். எடுத்துப் பார்த்தால் ஐந்து ரூபாய் நாணய அளவில் வெள்ளைத் தழும்பு. இத்தனை சோதனை செய்தவன், விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியவன், கெடுத்தவனும் நானேதான். அவள் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நைலான் நாரையும் மெல்லிய உப்புத்தாளையும் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். கால்மணி நேரம் ஆயிற்று. வெள்ளை பெரும்பாலும் போய்விட்டது, பள்ளம் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

சாயங்காலம் டம்ளர்களைக் கழுவும்போது அவள் விரல் அங்கே ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன்.

"கடைக்காரரைக் கூப்பிட்டா சரி பண்ணிடுவாரு" என்றேன், அவள் கேட்பதற்கு முன்னால்.

"இருக்கட்டும். ஓரத்துல ஒண்ணும் இல்லையே" என்றாள்.

புதிதாகப் போட நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வாடகைக்கு விடப்போகும் வீட்டுக்கும், அவசரமாகப் பலர் கைமாறிச் சமைக்கும் கூட்டுக்குடும்பத்துக்கும் இது வேண்டாம், நல்ல கனமான ஸ்டீல் தொட்டியே உத்தமம். சூட்டுச்சட்டியை வைக்க மேடையில் தனியாக ஒரு கிரானைட் துண்டு பதித்துக்கொள்ள முடிந்தால் இதைத் தாராளமாகப் போடலாம். முழு அக்ரிலிக் என்று எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாத அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனங்கள் பத்தாண்டு வரை தருவதுண்டு, ஆனால் சூட்டினால் வந்த சேதத்தை அதில் சேர்க்கமாட்டார்கள், சிறிய எழுத்தையும் படியுங்கள். மிச்சப் பலகையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னாளில் ஒட்டுப்போட அதே நிறம் கடையில் கிடைக்காமல் போகலாம். அடைப்பு நீக்கும் கடுமையான அமிலத்தை ஊற்றாதீர்கள். எந்தத் தொட்டியானாலும் வாங்கும் முன், இப்போது யார் கழுவுகிறார்களோ அவரை முன்னால் நிற்க வைத்து உயரம் அளந்துகொள்ளுங்கள். முடிந்தால் ஒரு வாரம் நீங்களே கழுவிப் பாருங்கள்.

பழைய ஸ்டீல் சிங்க் இன்னும் கொல்லையில்தான் இருக்கிறது. வடிகுழாய் ஓட்டையை அடைத்து, தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். காக்கையும் அணிலும் குடிக்கின்றன. எப்போதாவது அந்த மாட்டுவீட்டுப் பெண் கன்றை ஓட்டிக்கொண்டு வருவாள், அதுவும் குடிக்கும். பின்வரிசைப் பையன் சொன்னதுதான் சரி முசே.